கவர் தூக்கும் பெண்: ஷிரோபாக்கோ பற்றி ஒரு குறிப்பு

ஷிரோபாக்கோ பற்றி எழுதுறவங்க பெரும்பாலும் ரெண்டு விஷயம் சொல்வாங்க. அனிமே எப்படித் தயாராகுதுன்னு இவ்வளவு விவரமா காட்டின தொடர் வேற இல்லைங்கிறது ஒண்ணு. 23ஆவது அத்தியாயத்துல அழுதுட்டேன்ங்கிறது இன்னொண்ணு. ரெண்டுமே நியாயமான பேச்சுதான். எனக்கு இந்தத் தொடர் முக்கியமாப் படுறதுக்குக் காரணம் வேற. டிவி தயாரிப்பில் புதுசா சேர்ந்த ஒருத்தர் உண்மையில் என்ன கத்துக்கிறார் என்பதை இது சரியாகப் பிடித்திருக்கிறது. அந்தப் படிப்புக்கு அவர் கொடுக்கும் விலையை மட்டும் பாதிதான் காட்டுகிறது. ரெண்டையும் பேசணும்னா கதையை முடிவு வரைக்கும் சொல்லியாகணும். இன்னும் பார்க்காதவங்க பார்த்துட்டு வந்து படிச்சாலும் சரி.

தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. பி.ஏ. வொர்க்ஸ் தயாரிப்பு, மொத்தம் 24 அத்தியாயம், 2014 அக்டோபரிலிருந்து 2015 மார்ச் வரை ஒளிபரப்பானது. இயக்கம் மிசுஷிமா ட்சுடோமு. 'ஷிரோபாக்கோ' என்றால் வெள்ளைப் பெட்டி. முடிந்த அத்தியாயத்தை வீடியோ டேப்பில் பதிந்து, தயாரிப்பில் இருந்தவர்களுக்கு வெள்ளை அட்டைப் பெட்டியில் கொடுப்பது பழைய வழக்கம். தலைப்பு அங்கிருந்து வந்தது. கதையின் நாயகி மியாமொரி ஆவோய், முசாஷினோ அனிமேஷன் என்ற கற்பனை நிறுவனத்தில் சேர்ந்து கொஞ்ச காலமே ஆன தயாரிப்பு உதவியாளர். ஜப்பானியத்தில் அந்தப் பதவிக்குப் பெயர் 'செய்சாகு ஷின்கோ'. தயாரிப்பை முன்னே நகர்த்துபவர்னு அர்த்தம் வரும்.

நகர்த்துறதுன்னா என்ன? அரைமணி நேர அனிமே ஒன்றில் சுமார் 300 'கட்' இருக்கும். நாம ஷாட் என்று சொல்வதைத்தான் அங்கே கட் என்கிறார்கள். ஒவ்வொரு கட்டின் ஓவியங்களும் ஒரு பெரிய காகிதக் கவருக்குள் போகும். ஸ்டோரிபோர்டு முடிந்ததும் முதன்மை ஓவியர் வரைவார், அனிமேஷன் இயக்குநர் திருத்துவார், இடைப்பட்ட அசைவுகளை வேறு சிலர் வரைவார்கள், பிறகு வண்ணம், கேமரா, எடிட்டிங், குரல். ஓவியர்களில் பலர் வீட்டிலிருந்தோ வேறு ஸ்டூடியோவிலிருந்தோ வேலை செய்பவர்கள். ராத்திரியில் காரை எடுத்துக்கொண்டு போய் ஒருவரிடம் கவரை வாங்கி அடுத்தவரிடம் சேர்ப்பது மியாமொரியின் வேலை. "எப்போ முடியும்?" என்று கேட்பதும் அவள்தான், பதில் பொய் என்று தெரிந்தும் தலையாட்டுவதும் அவள்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. பள்ளியில் ஒன்றாக அனிமே செய்த ஐந்து தோழிகளில் மற்ற நாலு பேருக்கும் ஆளுக்கொரு கைத்தொழில் உண்டு. எமா வரைகிறாள். ஷிசுகா குரல் கொடுக்கிறாள். மிசா கம்ப்யூட்டரில் முப்பரிமாண வேலை செய்கிறாள். மிதோரிக்கு எழுத்து. மியாமொரிக்கு 'இது என் வேலை'ன்னு கையில எடுத்துக் காட்ட ஒண்ணும் இல்லை. அவள் ஒரு கோடுகூட வரைவதில்லை. அப்போ அவள் கத்துக்கிறதுதான் என்ன?

தொடர் தரும் பதில் எளிமையானது. அவள் சொல்லைத் தூக்கிக்கொண்டு போகக் கற்றுக்கொள்கிறாள். கவரைச் சேர்ப்பது அதில் சுலபமான பாதி. இயக்குநர் நினைத்ததை ஓவியருக்கும், ஓவியரின் கோபத்தை இயக்குநருக்கும் சிதையாமல் சேர்ப்பதுதான் கஷ்டமான பாதி. தொடரில் வரும் பெரிய சிக்கல்களை வரிசையாக எடுத்துப் பாருங்க, பலதும் நடுவில் நின்ற ஆள் சொல்லைச் சிதைத்ததால் வந்தவை. வெடிப்புக் காட்சியைக் கையால் வரைவதா, கம்ப்யூட்டரில் செய்வதா என்று கிளம்பும் சண்டையை எடுத்துக்குங்க. மேலோட்டமாகப் பார்த்தால் பழைய கலைக்கும் புதிய கருவிக்கும் நடக்கும் மோதல் மாதிரி தெரியும். உள்ளே போனால், தாரோ என்ற உதவியாளர் விஷயத்தை அசட்டையாகச் சொன்னதுதான் மூத்த ஓவியர் எந்தோவைக் காயப்படுத்தியிருக்கும். பின்பாதியில் மங்கா ஆசிரியருக்கும் இயக்குநருக்கும் வரும் பெரிய விரிசலும் இதே கதை. நடுவில் இருக்கும் பதிப்பகக்காரர் எதையும் ஒழுங்காகக் கொண்டு சேர்க்கவில்லை. இயக்குநர் அவரைத் தாண்டிப் போய் ஆசிரியரை நேரில் பார்த்துப் பேசின பிறகுதான் முடிச்சு அவிழ்கிறது.

அதாவது, அமைப்பின் கடைசிப் படியில் நிற்கும் ஆளிடம்தான் அமைப்பின் மிக நுட்பமான வேலை ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. தயாரிப்பு வேலை பற்றிய படைப்புகள் பொதுவாக இயக்குநரின் மேதைமையைக் காட்டும். இந்தத் தொடர் நடைவழியில் ஓடுகிற ஆளைக் காட்டுகிறது.

12ஆவது அத்தியாயம் இதன் உச்சம். கதைக்குள் தயாராகும் 'எக்ஸோடஸ்' தொடரின் கடைசிப் பகுதியில் குதிரைக் கூட்டம் ஓட வேண்டும். குதிரை வரையத் தெரிந்தவர் கிடைக்கவில்லை. மியாமொரி ஊரெல்லாம் அலைந்து ஒரு புகழ்பெற்ற இயக்குநரிடம் போய் நிற்கிறாள். உங்க ஆபீஸ்லயே சுகியே இருக்காரேன்னு அவர் கேட்கிறார். இப்போதைய பாணிக்கு ஒத்துவராதவர் என்று எல்லோரும் ஒதுக்கி வைத்திருந்த முதியவர் சுகியே. அவர் உட்கார்ந்து வரைய, இளைய ஓவியர்கள் பக்கத்தில் நின்று கற்றபடியே உதவுகிறார்கள். யாருக்கு என்ன தெரியும்னு தெரிஞ்சு வச்சுக்கிறதும் ஒரு தொழிலறிவுதான். அதை எந்தப் பாடத்திட்டத்திலும் வைக்க முடியாது.

இதுவரை பாராட்டு. இனி என் மனத்தாங்கல்.

பின்பாதியில் மியாமொரி 'புரொடக்‌ஷன் டெஸ்க்' ஆகிறாள், மற்ற உதவியாளர்களை மேற்பார்க்கும் பதவி. வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம்கூட ஆகியிருக்காது. தொடர் இதை அவளுடைய வளர்ச்சியாகக் காட்டுகிறது. ஆனால் அந்த நாற்காலி ஏன் காலியானது? அதில் இருந்த ஹோண்டா வேலையை விட்டுவிட்டு கேக் கடைக்குப் போய்விட்டார். ஒச்சியாய் வேறு ஸ்டூடியோவுக்குப் போய்விட்டார். பெரியவர்கள் தாங்காமல் கிளம்பிய இடத்தில் சின்னவளை உட்கார வைத்திருக்கிறார்கள். ஹோண்டா கேக்கோடு சிரித்துக்கொண்டு திரும்பி வருவது நகைச்சுவையாகிவிடுகிறது. அவர் முன்பு எப்படி வதங்கிக் கிடந்தார் என்பது நமக்கு மறந்துபோகிறது.

ஹிராவோகா விஷயம் இன்னும் கூர்மையானது. ஆசையோடு தொழிலுக்கு வந்து, மோசமான இடங்களில் அடிபட்டு, கடைசியில் எதையும் பொருட்படுத்தாமல் போனவன். தரக்குறைவான வேலையைக் கொண்டுவந்து கொட்டுகிறான். கேள்வி கேட்ட எபிசோடு இயக்குநரோடு கைகலப்பு வரைக்கும் போகிறது. தொடரின் மிக உண்மையான பாத்திரம் இவன்தான். ஆனால் தீர்வு? தாரோ அவனைக் குடிக்கக் கூட்டிப்போய் மனம்விட்டுப் பேச வைக்கிறான், ஆள் திருந்திவிடுகிறான். உழைப்பு முறையால் வந்த புண்ணுக்கு நட்பை மருந்தாகப் போட்டு முடித்துவிட்டார்கள். நாளைக்கும் அதே கெடு, அதே ராத்திரி கார் பயணம்தான்.

வெளியே நிலைமை என்ன? இதே தயாரிப்பு உதவியாளர் வேலை பார்த்த ஓர் இளைஞர் 2010இல் தற்கொலை செய்துகொண்டார். மிதமிஞ்சிய வேலையால் வந்த மனச்சோர்வே காரணம் என்று டோக்கியோவின் தொழிலாளர் நல அலுவலகம் ஏற்றுக்கொண்ட செய்தி 2014இல் வெளிவந்தது. ஷிரோபாக்கோ ஒளிபரப்பு தொடங்கிய அதே ஆண்டு. 2015இல் வெளியான ஜப்பான் அனிமேஷன் படைப்பாளர்கள் சங்கத்தின் ஆய்வறிக்கைப்படி, இடைப்பட்ட அசைவுகளை வரையும் தொடக்கநிலை ஓவியர்களின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 11 லட்சம் யென். மாதத்துக்கு ஒரு லட்சம் யென்கூட வராது. இதை வைத்துக்கொண்டு டோக்கியோவில் எப்படி வாழ்கிறார்கள் என்ற கேள்வியைத் தொடர் உரசிவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஷிசுகா மதுக்கடையில் பரிமாறுகிறாள், அது தெரிகிறது. மியாமொரி கடைசியாக எப்போது முழுசா ஒரு நாள் லீவு எடுத்தாள்? அதை யாரும் கேட்பதில்லை.

"இது சுவாரசியத்துக்கு எடுத்த தொடர், ஆவணப்படமா எதிர்பார்க்குற?"ன்னு நீங்க கேட்கலாம். நியாயம்தான். ஆனால் கவரின் வடிவம் முதல் கெடு தவறினால் யார் யாருக்கு போன் போகும் என்பது வரை அத்தனையையும் துல்லியமாகக் காட்டத் தெரிந்தவர்களுக்குச் சம்பளமும் தூக்கமும் மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போகும்? துல்லியத்தை எங்கே நிறுத்துவது என்று அவர்கள் எடுத்த முடிவுதான் அது.

2020இல் வந்த திரைப்படம் இதைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. ஒரு திட்டம் பாதியில் கைவிடப்பட்டதால் முசாஷினோ நொடித்துப்போய், பலர் வெளியேறியிருக்கிறார்கள். தொடரின் உற்சாகம் எவ்வளவு மெல்லிய தரையில் நின்றது என்று அங்கே புரிகிறது.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் 23ஆவது அத்தியாயத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வாய்ப்பே கிடைக்காமல் இருந்த ஷிசுகாவுக்குக் கடைசியில் ஒரு சின்னப் பாத்திரம் கிடைக்கிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்கும் மியாமொரி அழுகிறாள். அவள் அத்தனை நாள் தூக்கிச் சுமந்ததெல்லாம் அந்த ஒரு குரலில் வந்து சேர்கிறது. அடுத்த அத்தியாயத்தில் கெடு நெருங்க, முடிந்த டேப்பைத் தூக்கிக்கொண்டு ஆளாளுக்கு வெளியூர் டிவி நிலையங்களுக்கு ஓடுகிறார்கள்.

இந்த வேலைக்குப் போக நினைக்கிற யாராவது என்னிடம் கேட்டால், தாராளமா பாருங்கன்னு சொல்வேன். பார்த்து மியாமொரியிடமிருந்து வேலையைக் கத்துக்குங்க. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, ஹோண்டாவும் ஹிராவோகாவும் ஏன் அப்படி ஆனாங்கன்னும், மாசம் எவ்வளவு கைக்கு வரும்னும் அங்கே வேலை பார்க்கிறவங்க கிட்ட கேளுங்க.