ஸ்டெப்னியும் ஸ்பெயார் வீலும்

இலங்கையின் ஹட்டனில் ஒரு டயர் கடை வாசலில் ஜீப்பை நிறுத்தி, "ஸ்டெப்னியில காத்து இருக்கான்னு கொஞ்சம் பாருங்க" என்றேன். கடைக்காரருக்குப் புரியவில்லை. பின்கதவைக் கைகாட்டிய பிறகுதான், "ஓ, ஸ்பெயார் வீலா சேர்!" என்று சிரித்துக்கொண்டே காற்றுக் குழாயை இழுத்து வந்தார். மலையகத் தமிழுக்கும் எங்கள் தேனிப் பக்கத்துத் தமிழுக்கும் அதிகத் தூரமில்லை. ஆனாலும் இந்த ஒரு சொல் கடல் தாண்டவில்லை. யாழ்ப்பாணம் போனால் இன்னும் மாறும். அங்கே சக்கரம் சில்லு, டயர் ரயர்.

ஸ்டெப்னி என்பது வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் இருக்கும் ஒரு தெருவின் பெயர். 1904-இல் அங்கே தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர் ஆரக்கால் இல்லாத வெறும் வளையத்தில் காற்றடைத்த டயரைப் பூட்டி, பஞ்சரான சக்கரத்தின் மேலேயே கவ்வ வைக்கும் ஒரு சாதனத்தைச் செய்து விற்றார். அந்தச் சாதனம் எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. பெயர் மட்டும் இந்தியாவில் ஒட்டிக்கொண்டது. பிரேசில்காரர்கள்கூட இன்றும் மாற்றுச் சக்கரத்தை 'எஸ்டெப்பி' என்கிறார்கள்.

இரண்டு நாட்டு ஜீப்புகளுக்கும் பாட்டன் ஒருவர்தான், அமெரிக்க வில்லிஸ். இந்தியாவில் மகிந்திரா வழியாக வந்தது. இலங்கையில் அதன் இன்னொரு பேரன் நன்றாகக் காலூன்றியது. வில்லிஸ் உரிமத்தில் மிட்சுபிஷி 1953 முதல் 1998 வரை ஜப்பானில் செய்த ஜீப் அது. என்ஜின் பெயரையே வண்டிக்கு வைத்து 'ஃபோர் டி ஆர் ஃபைவ்' என்பார்கள். போர்க்கால வில்லிஸுக்கு மாற்றுச் சக்கரம் முதுகில் இருந்தது. 1945-இல் விவசாயிகளுக்கென்று வந்த மாடலில் மூட்டை ஏற்றப் பின்பலகை வைத்தார்கள்; சக்கரம் விலாவுக்கு நகர்ந்தது. எங்கே மாட்டுவது என்ற கேள்வி அன்று தொடங்கியது, இன்னும் தீரவில்லை.

லேண்ட்ரோவர்காரர்கள் அதைப் பானெட்டின் மேல் வைத்தார்கள். தோட்டத்துத் துரைமார் ஓட்டிய பழைய லேண்ட்ரோவர்களில் இந்தக் கோலத்தை இலங்கையில் பார்க்கலாம். இந்தியாவில் டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சனிலிருந்து சந்தக்ஃபூ ஏறிய பழைய லேண்ட்ரோவர்களும் அந்தக் குடும்பம்தான். பாறை இறக்கத்தில் பின்பக்கம் உரசாது, கீழே படுத்து எடுக்கவும் வேண்டாம். ஆனால் ஆயில் பார்க்கும் ஒவ்வொரு முறையும் பானெட்டோடு சேர்த்து இருபது கிலோவுக்கு மேல் தூக்க வேண்டும். மேட்டில் ஏறும்போது முன்னால் இருக்கும் கல்லும் தெரியாது. 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸி பின்கதவைத் தேர்ந்தெடுத்தது. தார், ஜிம்னி ஜீப்புகளும் அதே வழி. நின்ற வாக்கில் நட்டைக் கழற்றி இறக்கலாம். என்னைக் கேட்டால் சின்ன வண்டிக்கு இதுதான் சரியான இடம். ஒரே நிபந்தனை, கதவுக் கீல் தாங்கும் எடைக்குமேல் போகக் கூடாது. பெரிய டயர் போட்டால்தான் கம்பீரம் என்று நம் பையன்கள் மாட்டுகிறார்கள். ஆறு மாதத்தில் கதவு தொங்குகிறது, மேடுபள்ளத்தில் கடகடவென்று ஆடுகிறது.

வைக்கிற இடத்தைவிட வைத்துக்கொள்ளும் விதத்தில்தான் இரு நாட்டுக்கும் பெரிய வித்தியாசம் கண்டேன்.

கொழுக்குமலை தேனி மாவட்டத்து மண், ஆனால் ஜீப் ஏற கேரளத்துச் சூரியநெல்லிக்குப் போக வேண்டும். கல் பெயர்ந்த பாதை. நான் போன ஜீப்பில் பாதி வழியில் ஒரு கூர்க்கல் டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிட்டது. பின்னால் சிங்கப் படம் போட்ட கவர் பளபளத்தது. "சார், பத்து நிமிஷம்" என்று ஓட்டுநர் கவரை உருவினார். உள்ளே தேங்கியிருந்த மழைநீர் அவர் முழங்கையில் வழிந்தது. டயரைப் பார்த்தேன். பூ தேயவே இல்லை. பக்கச்சுவர் முழுக்கக் கோடை வயல் போல மயிர்வெடிப்பு. ஓரத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம், 3109. 2009-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரத்தில் செய்த டயர். ஒரு நாள்கூடத் தரையைத் தொடாமல் வெயிலிலேயே கிழடாகிவிட்டது. மாட்டி ஜாக்கியை இறக்கியதும் கிணற்றுத் தவளை மாதிரி ஒரு சத்தம், வண்டி அப்படியே உட்கார்ந்தது. அடுத்த ஜீப் வரும்வரை பனியில் நின்றோம்.

அந்த ஓட்டுநரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நம் ஊரில் திருப்பத்துக்குத் திருப்பம் பஞ்சர் கடை. டயர் போனால் உருட்டிக்கொண்டு போகலாம் என்ற தைரியத்தில் ஸ்டெப்னியை மறந்துவிடுகிறோம். 2020-இல் மத்திய அரசு விதியையே தளர்த்தியது. டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் ஒட்டும் கிட் மூன்றும் இருந்தால் சிறிய பயணி வண்டிகள் ஸ்டெப்னி இல்லாமலே ஓடலாம். நகரத்துக்கு இது சரி. மலைப்பாதைக்குச் சரிவராது. ஆணி குத்திய ஓட்டையைக் கிட் அடைக்கும். கல் கிழித்த பக்கச்சுவரை எந்தக் கிட்டும் அடைக்காது.

ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்து ரோட்டில் எங்கள் ஜிம்னிக்கும் அதே கதி வந்தது. ஓட்டுநர் முதலில் எங்களை இறக்கிவிட்டு, பள்ளத்துப் பக்கச் சக்கரத்துக்கு ஒரு கருங்கல்லை முட்டுக் கொடுத்தார். வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று இளக்கினார். ஜாக்கிக்கு அடியில் ஒரு தேயிலைப் பெட்டிப் பலகை. கதவிலிருந்து இறக்கிய சக்கரத்தைக் கவனித்தேன். மற்ற நான்கும் எவ்வளவு தேய்ந்திருந்தனவோ, அதுவும் அவ்வளவே தேய்ந்திருந்தது.

"ஒயில் மாத்துற நேரமெல்லாம் வீலயும் சுத்தி மாத்துவேன் சேர். அஞ்சும் ஒண்ணாத் தேயணும்" என்றார்.

இதில் கணக்கு இருக்கிறது. ஜிம்னி, தார் போன்ற வண்டிகளில் நான்கு சக்கர இழுப்பைப் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்படுகின்றன. ஒரு சக்கரம் புதிது, மூன்று தேய்ந்தது என்றால் சுற்றளவு ஒத்துப்போகாது. அந்த வித்தியாசம் கியர்களின் மேல் முறுக்காக ஏறும். அவசரத்துக்கென்று காரில் தருகிற ஒல்லி டயர் இந்த வண்டிகளுக்கு ஆகாது என்பதற்கும் இதுவே காரணம்.

ஹட்டன் ஓட்டுநரின் கவனத்துக்குப் பின்னால் இருந்தது விலை. இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பிப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருக்கிற ஜீப்பையே உயிரோடு வைத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் டாலர் தட்டுப்பாடு வேறு. 1876-இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் ரப்பர் நட்ட நாடு அது. களனியில் டயர் ஆலையும் உண்டு, அதில் இந்தியாவின் சியெட் பங்காளி. இருந்தும் ஜப்பான் வண்டியின் அளவுக்கு நல்ல டயர் வாங்குவது சாதாரணக் குடும்பத்துக்குப் பெரிய செலவு. ஐந்தையும் சுற்றி ஓட்டினால், நான்கில் கிடைக்கிற தூரத்தைவிடக் கால்பங்கு கூடுதலாகக் கிடைக்கும்.

இலங்கைக்காரர்கள் செய்வதெல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். யாலைக் காட்டுக்குள் போகும் சஃபாரி ஜீப்புகளில் பல, பிக்கப் வண்டியின் மேல் உயரமாக இருக்கை கட்டியவை. சிலவற்றில் ஸ்பெயார் வீல் அடிவயிற்றில் தொங்குகிறது. சேற்றில் உரசி, தொங்கவிடும் சங்கிலி துருப்பிடிக்கும். பஞ்சரானால் ஓட்டுநர் மல்லாந்து படுத்து எடுக்க வேண்டும், அதுவும் சிறுத்தை நடமாடும் இடத்தில். பயணிகள் இறங்கக் கூடாது. இன்னொரு ஜீப் பக்கத்தில் வந்து நின்றுதான் காவல் காக்க வேண்டும். இந்தியாவின் ரந்தம்பூர்க் காட்டில் ஓடும் ஜிப்ஸிக்கு இந்தச் சிக்கல் இல்லை. சக்கரம் பின்கதவில் இருப்பதால் ஓட்டுநர் நின்றுகொண்டே, சுற்றிலும் கண்ணை ஓட்டிக்கொண்டே அதை இறக்கலாம். காட்டுக்குள் போகும் வண்டிக்கு மாற்றுச் சக்கரம் அடியில் இருக்கக் கூடாது. யாலையில் பிழைக்கும் ஓட்டுநர்களுக்காக இதை யாராவது கட்டாயமாக்க வேண்டும்.

ஜீப் வைத்திருக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை பின்னால் மாட்டியிருக்கும் கவரைக் கழற்றுங்கள். தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, கவரின் அடியில் ஒரு சின்ன ஓட்டை போடுங்கள். டயர் ஓரத்தில் இருக்கும் அந்த நான்கு இலக்கத்தைப் படியுங்கள். டயர் நன்றாக இருந்தால் மற்ற நான்கோடு சேர்த்துச் சுற்றுக்கு விடுங்கள். பக்கச்சுவரில் வெடிப்பு கண்டால், பூ எவ்வளவு புதிதாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.