மலையக இரசிகரும் உலகியல் வழக்கும்

திரைப்படத் திறனாய்வு என்ற அளவில், பத்திரிகைகளில் அச்சேறி வருவதையே கற்றோர் கருதுகின்றனர். 1977ஆம் ஆண்டில் வெளிவந்த '16 வயதினிலே' என்னும் படத்துக்கு ஆனந்த விகடன் நூற்றுக்கு 62.5 புள்ளி வழங்கியமை இன்றளவும் எடுத்துரைக்கப்படுகின்றது. அந்த அரைப் புள்ளியை எந்தத் தராசில் நிறுத்தனரோ! அச்சேறாத திறனாய்வு ஒன்றும் உண்டு. அட்டன், நுவரெலியா ஆகிய நகரங்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் அது தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்து வருவது. ஞாயிற்றுக்கிழமை நகரத்துப் படமாளிகையில் பார்த்த படத்தைப் பற்றித் திங்கட்கிழமை காலை பிரட்டுக்களத்தில் எழும் வாதம், கொழுந்து மலையிலே தொடர்ந்து, அந்தியில் லயத்து வாசலிலும் முடிவுறாது நிற்கும். 1982இல் ரூபவாகினி ஒளிபரப்புத் தொடங்கியது. பின்னர் வீடியோ நாடாவும் செய்மதித் தொலைக்காட்சியும் வந்தன. படமாளிகையின் செல்வாக்குக் குன்றிற்று, வாதம் குன்றவில்லை. இதனைக் கல்லாதார் அலப்பல் என ஒதுக்குவது நகரத்துப் படித்தவரின் வழக்கம். ஒதுக்குதல் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

இம்மக்களின் சுவையுணர்வு திரைப்படத்தோடு பிறந்ததன்று. தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொணரப்பட்டோர் தம்முடன் கொண்டுவந்த செல்வங்கள் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்பன. கூத்துப் பார்ப்பவர் கதையின் முடிவை அறியக் காத்திருப்பதில்லை. மன்மதன் எரிவான் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். எரிந்தபின் இரதி அழும் அழுகை நெஞ்சைத் தொட்டதா, ஆடியவர் வேடத்துக்கு ஏற்றவரா, பாட்டு வழுவாது நின்றதா என்பனவே அவர்தம் வினாக்கள். தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாட்டின் பெயர்களை அவர்கள் அறியாதிருக்கலாம். அவற்றை அளக்கும் கோல் அவர்கள் கையில் உண்டு. இதனினும் நுட்பமானது பிறிதொன்று. நாடக வழக்கு, உலகியல் வழக்கு எனத் தொல்காப்பியம் பிரித்துரைக்கும் இரண்டனுள் எதனை எங்கே வேண்டுவது என்பதில் அவர்களுக்கு ஐயமே இல்லை. ஒருவன் இருபது பேரை வீழ்த்தினால் அது நாடக வழக்கு, குறை சொல்லார். கதாநாயகி தேயிலைச் செடியருகே வந்து நின்றால் உடனே உலகியல் வழக்கைக் கேட்பர்.

ஊட்டியிலும் மூணாற்றிலும் படமாக்கப்பெற்ற காதற் பாடல்கள் பல. அவற்றில் நாயகி ஓரிலையை இரு விரலாற் கிள்ளிப் புன்னகைப்பாள். பின்னர்ச் செடிகளினூடே ஓடுவாள். தோட்டத்துப் பெண்கள் சிரிப்பது இங்கேதான். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக இரு கைகளாலும் ஓயாது பறிப்பதே கொழுந்தெடுத்தல். கவாத்துச் செய்த செடி இடுப்பளவில் நெருங்கி நிற்கும், அதன் வாதுகள் கிழிக்காதவாறு படங்கைக் கட்டிக்கொண்டு நகர்வதே பாடு, ஓடுவது எங்ஙனம்? மழைக்குக் கொங்காணியும் இல்லை, காலிற் கடிக்க அட்டையும் இல்லை. இச்சிரிப்பைத் திறனாய்வு என்று சொல்லாவிடின் வேறெதனைச் சொல்வது? தான் அறிந்த தொழிலைக் கலைஞன் அறியாது காட்டினான் என்ற தீர்ப்பு அதனுள் அடங்கியிருக்கின்றது.

ஆயின் இதே இரசிகர் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. அது நடிகர் பக்தி. எம்.ஜி.ஆர். 1917இல் நாவலப்பிட்டியிற் பிறந்தவர். 1965இல் இலங்கைக்கு வந்து சென்றவர். எனவே மலையகத்தார் அவரைத் தம்மவராகவே கொண்டாடியதில் வியப்பில்லை. ஒரே லயத்தில் அவர் கட்சி ஒரு புறமும் சிவாஜி கட்சி மறுபுறமுமாக நின்று பொருதிய காலத்தில், படத்தின் தரம் பேச்சுக்கு வராமலே போயிற்று. கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை கூடையின் எடையையும் ஈரத்தின் எடையையும் கழித்தே கணக்கிடுவார். சில வேளைகளில் நியாயத்துக்கு மேலும் கழிப்பார் என்பது வேறு கதை. படத்தை நிறுப்பவர் நடிகரின் எடையைக் கழிப்பதேயில்லை. கூடையே கொழுந்தாகிவிடுகின்றது.

இவ்வளவும் சொன்னபின், அப்பக்திக்குள்ளும் ஓர் உண்மை புதைந்திருத்தலை மறுத்தற்கில்லை. பந்துலுவின் 'ஆயிரத்தில் ஒருவன்' 1965இல் வந்தது. தீவொன்றுக்கு அடிமைகளாக விற்கப்பட்டு உழைப்போரும், அவரை மீட்கும் மருத்துவன் ஒருவனும் அதன் கதை. 1964 ஒக்டோபரிற் செய்யப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனத் தலைகளை எண்ணிப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் நிலை 1974 வரை தொங்கிக் கிடந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட ஒரு கூட்டம், விற்கப்பட்டோர் விடுதலை பெறும் கதையைக் கண்டு ஆரவாரித்தமைக்குக் கட்சி வெறி ஒன்றே காரணமெனல் பொருந்தாது. 'பராசக்தி'யும் (1952) அத்தகையதே. அதன் நாயகன் இரங்கூனிலிருந்து கப்பலேறிச் சென்னை சேர்ந்தவுடன் பொருளனைத்தையும் பறிகொடுத்து வீதியில் நிற்கின்றான். தமிழகத்தார் அதனைக் கோயிலும் பூசாரியும் பற்றிய படமாக வாதிட்டனர். தலைமன்னாரிற் கப்பலேறக் காத்திருந்தோர்க்கு அது தாயகம் திரும்புவோனுக்கு நேர்வது பற்றிய படமாகும். படம் ஒன்றே, பார்ப்போர் நிலை வேறாயின் படமும் வேறாகின்றது.

தம் கதையைத் தம் மண்ணில் எடுத்த படம் வந்தபோது நிகழ்ந்ததென்ன? இலங்கைத் தமிழ்ப்படங்களுள் 1963இல் வந்த 'தோட்டக்காரி' பெயராலேயே தோட்டத்தைச் சுட்டியது. 1975இல் வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' தொழிலாளர் வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்தது. தொழிற்சங்கத் தலைவர் ஒருவரே கதாநாயகராயினார். தோட்டங்களிற் பசி கொடுமை செய்த 1973, 1974ஆம் ஆண்டுகளை அடுத்து வந்த படம் அது. மலையும் லயமும் உண்மையானவை. ஆயின் தமிழகப் படத்தின் வாய்பாட்டை அது முற்றாக விட்டதன்று. நம்மவர் எடுத்தது என்பதற்காகப் புள்ளியைக் கூட்டுவதா, நம்மவர் எடுத்ததாதலின் இன்னும் கூர்மையாக நோக்குவதா என்ற வினா அத்துடன் எழுந்தது. பிந்தியதே நேர்மையான வழி. முந்தியதும் நடிகர் பக்தியின் இனத்தைச் சேர்ந்ததே.

தமிழகப் படங்களில் இலங்கைத் தமிழர் பேசும் தமிழ் பற்றியும் ஒரு சொல். 'தெனாலி' (2000) முதலியவற்றில் இலங்கைத் தமிழ் என்றாலே யாழ்ப்பாணச் சாயல்தான். மலையகத் தமிழ் என ஒன்றுண்டு என்பதே இயக்குநர்க்குத் தோன்றவில்லை போலும்.

இறுதியாகப் பாலாவின் 'பரதேசி' (2013). ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராய்ப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய புதினத்தைத் தழுவியது. அப்புதினம் தமிழில் 'எரியும் பனிக்காடு' என வெளிவந்தது. கங்காணியின் ஆசைவார்த்தை, முன்பணக் கடன், நோய், துரையின் கொடுமை யாவும் மலையகத்தாரின் பாட்டன் பாட்டி வாயிற் கேட்டவை. உலகியல் வழக்கு இங்கே குறைவுபடவில்லை. உடையமைப்புக்குக் கிடைத்த தேசிய விருதும் தகும். ஈற்றில் மனைவியும் பிள்ளையும் அதே தோட்டத்தை வந்தடையும்போது நாயகன் கதறும் கதறல் இரதியின் புலம்பலுக்குக் குறைந்ததன்று. எனினும் தப்பியோட முயன்று கால் நரம்பு அறுக்கப்படுவதே அப்படம் காட்டும் எதிர்ப்பின் எல்லை. கோ. நடேச ஐயர் 1931இல் தோட்டத் தொழிலாளர்க்குச் சங்கம் கண்டதையும், மீனாட்சியம்மை தோட்டந்தோறும் பாடியதையும், 1940 சனவரியில் முல்லோயாவில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் பொலிசாரின் குண்டுக்கு இரையானதையும் அறிந்த ஒருவர், இப்படத்தில் வெகுளியும் பெருமிதமும் எங்கே என்று கேட்பார். தென்னிந்தியத் தோட்டத்துக் கதைக்கு இலங்கை வரலாற்றை அளவாக்கலாமா என்று மறுப்பாரும் உளர். மறுப்பு நியாயமே; கேள்வி அதனினும் நியாயமானது. அழுகைக்கு முழுப் பேர் போடலாம். படத்துக்குத் தோட்டத்துக் கணக்கின்படி அரைப் பேர்தான்.