ஔவை பேசாத வயிறு

நல்வழியில் ஔவை தன் வயிற்றோடு சண்டை போடுகிறாள், உணவுக்காக. அதே வயிற்றின் மலச்சிக்கல் நான் படித்தவரை நம் பெண் கவிதைக்குள் வரவில்லை. குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பைச் (2002) சுற்றி எழுந்த கூச்சலையும் தாண்டி முலை, யோனி, கருப்பை எல்லாம் எழுதினோம். ஆண் உரிமை கொண்டாடிய உறுப்புகளை மட்டுமே மீட்டிருக்கிறோமோ? என் கவிதைகளையும் சேர்த்தே கேட்கிறேன்.

நாற்பத்தேழு வயதில் மாதவிலக்கு தாறுமாறானபோது புரொஜெஸ்டிரோன் மாத்திரை தந்தார்கள். தூக்கம் வந்தது, நான்கு நாளாக மலம் வரவில்லை. அந்த ஹார்மோன் குடல் தசையையும் தளர்த்தி அதன் அசைவை மந்தமாக்கக்கூடியது. மருத்துவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவளுக்கு ‘வயிறு சரியில்லை’ என்பதற்குமேல் வாய் எழவில்லை. வாரக்கணக்கில் நீடிக்கும் இத்தகைய மாற்றம் சில சமயம் குடல், சினைப்பைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால் இதை வெறும் அழகியல் குறை என்று நான் தள்ளிவிடமாட்டேன்.

அம்மாவிடம் ‘வெளிக்குப் போகல’ என்ற சொல்லாவது இருந்தது. அடுத்த முறை மருந்துச்சீட்டின் பின்புறம் எழுதிக்கொண்டு போனேன்: நான்கு நாள், கெட்டி, வலி. மருத்துவர் படித்துவிட்டு, முதன்முறையாக, படுக்கச் சொல்லி வயிற்றை அழுத்திப் பார்த்தார்.