ஓவியரும் ஆசிரியரும்: நந்தலால் போஸ்

நல்லாசிரியனுக்கு உவமை கூறப் புகுந்த நன்னூலார், நிலத்தையும் அவ்வுவமைகளுள் ஒன்றாக வைத்தனர். உழவன் பருவமறிந்து செய்யும் முயற்சிக்கு ஏற்ப நிலம் பயன் தருதலை அவர் அங்கே கருதினர். ஒரே நிலத்தில் நெல்லும் விளையும், பனையும் ஓங்கும், நிலம் எதனையும் தன் வடிவினதாக ஆக்குவதில்லை. இவ்வுவமை கலையாசிரியனுக்குச் சாலப் பொருந்துவதாகும். இலக்கணம் கற்பிப்போன் தான் அறிந்த விதியை அவ்வாறே மாணாக்கனுக்கு அளித்தல் தகும். ஓவியம் கற்பிப்போன் தன் கைத்திறனை அவ்வாறே அளிப்பானாயின், மாணாக்கனுக்கு இயல்பாய் அமைந்த கைத்திறன் கெடும்.

வங்கத்து ஓவியர் நந்தலால் போஸ் 1882ஆம் ஆண்டு முதல் 1966ஆம் ஆண்டு வரை எண்பத்துமூன்று ஆண்டுகள் வாழ்ந்தவர். அவற்றுள் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தில் ஆசிரியத் தொழிலிற் கழிந்தன. அவரைப் பற்றிக் கலைவிமரிசகர் சிலர் கூறும் குறையொன்றுண்டு. அவருடைய ஓவியங்கள் பல்வேறு முறைகளிற் சிதறிக் கிடக்கின்றன என்றும், தமக்கே உரியதென ஒரு தனி நடையை அவர் நிலைநாட்டவில்லை என்றும், ஆசிரியத் தொழில் ஓவியரை விழுங்கிவிட்டது என்றும் அவர்கள் கருதுவர். இக்கருத்து எத்துணை உண்மை என்பதை ஆராய்தல் பயனுடைத்து.

பீகார் மாநிலத்துக் கரக்பூரிற் பிறந்த நந்தலால், கல்கத்தா அரசினர் கலைப் பள்ளியில் அவனீந்திரநாத தாகூரிடம் பயின்றார். அக்காலத்தில் அவர் தீட்டிய 'சதி' என்னும் ஓவியம் 500 ரூபா பரிசும் பெரும் புகழும் பெற்றது. எனினும், இன்று அதனை நோக்குவோர்க்கு அதன் மென்மையே மிகையெனத் தோன்றும். வண்ணத்தை நீரிற் கழுவிக் கழுவிப் பனிமூட்டம் போன்ற தோற்றத்தை உண்டாக்கும் ஆசிரியரின் முறை அதில் முழுவதும் ஆட்சி செய்கின்றது. மாணாக்கரின் கைத்திறன் இன்னும் தனித்து இயங்கவில்லை.

அதனை இயங்கச் செய்தது அசந்தாக் குகையாகும். 1909-10ஆம் ஆண்டுகளில், சகோதரி நிவேதிதையின் தூண்டுதலால், எரிங்காம் அம்மையார் குழுவினருடன் சேர்ந்து அக்குகையோவியங்களைப் படியெடுக்கச் சென்றார். படியெடுத்தல் அடிமைத்தொழில் என்பாருமுளர். நந்தலாலோ அங்கே கோட்டின் உறுதியைக் கற்றார்; ஓவியமென்பது சட்டத்துள் அடங்கும் சிறுபொருள் மட்டுமன்று, மக்கள் கூடும் இடத்துச் சுவருக்கும் உரியது என்பதையும் உணர்ந்தார். நிவேதிதையும் நம் நாட்டவராகிய ஆனந்த குமாரசுவாமியும் இயற்றி 1913இல் வெளிவந்த இந்து பௌத்த புராணக்கதை நூலுக்குப் படம் வரைந்தோருள் அவரும் ஒருவர். பின்னர், 1934இல் இரவீந்திரநாத தாகூர் இலங்கைக்கு வந்தபோது அவருடன் வந்தோருள்ளும் நந்தலால் இருந்தார்.

1922இல் கலாபவனத்தின் தலைமையை ஏற்றபின் அவர் மேற்கொண்ட பணிகளை நோக்கின், விமரிசகர் 'சிதறல்' எனக் கூறுவதன் காரணம் விளங்கும். 1924இல் தாகூருடன் சீனாவுக்கும் யப்பானுக்கும் சென்று தூரிகைக் கோட்டின் நுட்பத்தை ஆராய்ந்தார். சுவரோவிய முறையைக் கற்பிக்கச் செய்ப்பூரிலிருந்து மரபுவழிக் கைவினைஞரை அழைத்து, மாணாக்கரோடு தாமும் ஒருவராய் நின்று கற்றார். 1930இல் தாகூரின் வங்க எழுத்துப் பாடநூலாகிய 'சகச பாடம்' வெளிவந்தபோது, சிறுவர்க்கென அதற்குப் படங்கள் செதுக்கினார். தண்டி யாத்திரையிற் கோலூன்றி நடக்கும் காந்தியடிகளைக் கருமைக்குள் வெண்கோடுகளாய்க் காட்டும் அச்சுப்படமும் அவ்வாண்டினதே. ஒவ்வொரு முறையையும் அவர் கற்றது தம் புகழுக்காக மட்டுமன்று. தாம் அறியாத வாயிலை மாணாக்கர்க்குத் திறத்தல் இயலாது என்பதனாலுமாகும்.

இம்முயற்சிகள் யாவும் ஒருங்கு திரண்ட இடம் 1938ஆம் ஆண்டு அரிபுராவிற் கூடிய காங்கிரஸ் மகாசபைப் பந்தலாகும். காந்தியடிகளின் வேண்டுகோளின்படி அப்பந்தலுக்கென எண்பதுக்கு மேற்பட்ட படங்களை அவர் தீட்டினார். மத்தளம் கொட்டுவோன், மல்லன், தச்சன், வேட்டுவன், நெற்குற்றும் பெண்டிர் என நாட்டுமக்களே அவற்றின் தலைமக்கள். கோடுகள் தடித்தும் விரைந்தும் செல்வன. வண்ணங்கள் மண்ணின் நிறத்தன. வழிச்செல்லும் குடியானவனும் நின்று நோக்கி அறியத்தக்கன. 'சதி'யின் பனிமூட்டம் இங்கே எங்குமில்லை. அசந்தாவின் கோடும், கிராமத்துப் படகாரனின் துணிவும், கீழைத்தேயத் தூரிகையின் வேகமும் இவற்றிற் பிரிக்கலாகாதவாறு கலந்துள்ளன. ஆசிரியத் தொழில் ஓவியரை விழுங்கவில்லை, ஊட்டி வளர்த்தது என்பதற்கு இப்படங்களே சான்றாகும்.

மற்றொரு சான்று அவர்தம் மாணாக்கர். வினோதபிகாரி முகர்சி 1946-47ஆம் ஆண்டுகளில் இந்தி பவனச் சுவர்களில் இடைக்காலத்து அடியார்களைத் தீட்டினார். 1957இல் பார்வையை முற்றும் இழந்தபின்னரும் கலைப்பணியைக் கைவிட்டாரல்லர். இராமகிங்கர், சீமெந்தும் சரளைக்கல்லும் கொண்டு 'சந்தால் குடும்பம்' என்னும் பெருஞ்சிற்பத்தை 1938இற் சமைத்தார். கே. சி. சுப்பிரமணியன் ஓவியத்தையும் கைவினையையும் இணைத்துப் பின்னர்ப் பரோடாவில் ஓர் ஆசிரியப் பரம்பரையைத் தோற்றுவித்தார். சத்தியசித்ரே பயிற்சியை முடியாது விடுத்துச் சென்று திரைப்படத் துறையிற் புகழ் எய்தினார். இந்நால்வரும் தம்முள் ஒருவரை ஒருவர் ஒத்தாரல்லர்; ஆசிரியரையும் ஒத்தாரல்லர்.

நந்தலாலிடம் குறையே இல்லை எனக் கூறுதல் விமரிசனமாகாது. எண்ணெய் வண்ணத்தை அவர் விரும்பவில்லை. இராமகிங்கர் அதனை மேற்கொண்டது ஆசிரியரின் விருப்பினால் அன்று. வலிமை குன்றிய மாணாக்கர் பலர் அவருடைய இனிய கோட்டை மாத்திரம் கைக்கொண்டு, நாடெங்கும் சித்திர ஆசிரியராய்ச் சென்று அதனையே வாய்பாடாக்கினர். இதில் ஆசிரியருக்கும் ஓரளவு பங்குண்டு. ஆனால், தம் விருப்பத்துக்கு மாறாகச் சென்ற இராமகிங்கரைக் கலாபவனத்திலேயே ஆசிரியராக வைத்துக்கொண்டவரும் அவரே. தமக்கு உடன்படாத ஒன்று தம் கண்முன் வளர்வதைப் பொறுத்தல் எளிதன்று. நன்னூலார் நிலத்தின் இயல்புகளுட் பொறையையும் சேர்த்தது இதனாற்போலும்.

இந்திய அரசியலமைப்புச் சாசனத்தின் மூலப்படி 1950இல் நிறைவுற்றபோது, அதன் ஏடுகளை நந்தலாலும் அவர்தம் மாணாக்கரும் ஓவியங்களால் அணிசெய்தனர். 1951இல் ஓய்வு பெற்ற பின்னரும் அஞ்சலட்டைகளிற் சிறுபடங்கள் வரைந்து பழைய மாணாக்கர்க்கும் நண்பர்க்கும் அனுப்பும் வழக்கத்தை அவர் விட்டாரல்லர். சாசனத்துக்குக் காட்டிய கவனத்தையே ஓர் அஞ்சலட்டைக்கும் சிறுவர் பாடநூலுக்கும் அவர் காட்டினார்.

சித்திர பாடத்தை, ஏனைய பாடங்களால் இளைத்த மாணாக்கர் இளைப்பாறும் வேளையாகக் கருதும் பாடசாலைகள் இன்றும் பலவுள. அத்தகைய இடங்களிற் பணிபுரியும் சித்திர ஆசிரியர், கற்பித்தலால் தம் கலை தேய்கின்றது என வருந்துதல் இயல்பே. அவர்கள் அரிபுராப் படங்களையும் 'சதி'யையும் அருகருகே வைத்து நோக்குவாராக. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளிற் பதினாறு ஆண்டுகள், நந்தலால் கலாபவனத்தைத் தலைமை தாங்கி நடத்திய ஆண்டுகளாகும்.