தந்தையர் பாவமும் தனயர் பொறுப்பும் – விவிலியத்திற் சாபக் கருத்துப் பற்றிய ஒரு நோக்கு

துன்பத்துக்குக் காரணம் தேடுவது மனித இயல்பு. ஒரு குடும்பத்தில் நோயும் வறுமையும் அகால மரணமும் தொடர்ந்து நிகழுமிடத்து, முன்னோர் செய்த பாவமே பின்னோரைப் பற்றித் தொடர்கின்றது என்னும் விளக்கம் பல சமுதாயங்களிலே தோன்றியுள்ளது. கிறிஸ்தவ சமயத்திலும் இவ்விளக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. மூதாதையர் வழிவந்த கட்டுக்களிலிருந்து குடும்பங்களைக் குணமாக்குதல் பற்றி ஆங்கிலேய மனநோய் மருத்துவர் கெனத் மக்கோல் 1982 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். பிரான்சு நாட்டு ஆயர் பேரவையின் கோட்பாட்டுக் குழு 2007 ஆம் ஆண்டிலும், ஸ்பானிய ஆயர் பேரவையின் கோட்பாட்டுக் குழு 2024 ஆம் ஆண்டிலும் இத்தகைய வழிமுறைகள் பற்றி எச்சரிக்கை விடுத்துள்ளன. விவாதம் இன்னும் ஓயவில்லை என்பதற்கு இவை சான்றாகும்.

இக்கட்டுரை இறையியல் தீர்ப்பு எதனையும் வழங்க முற்படவில்லை. விவிலியத்தை ஓர் இலக்கியத் தொகுதியாகக் கொண்டு, சாபத்தையும் பாவத்தையும் பற்றிப் பேசும் பகுதிகளை யார், யாரை நோக்கி, எந்நிலையில் நின்று கூறுகின்றார் என்னும் வினாக்களோடு அணுகுவதே இதன் நோக்கம். அவ்வாறு அணுகுமிடத்து ஓர் உண்மை புலப்படும். முன்னோர் பாவத்தின் விளைவு பின்னோரைச் சேர்கின்றது என்பதை விவிலியம் மறுக்கவில்லை. ஆனால், அவ்விளைவையே குற்றமாக்கிப் பின்னோர் தலையிற் சுமத்தும் போக்கினை அதன் மிகச் சிறந்த குரல்கள் எதிர்த்து நிற்கின்றன. விளைவு வேறு, குற்றம் வேறு. இவ்வேறுபாட்டை மறந்தமை பிற்காலத்துப் பெருங்கொடுமைகளுக்கு இடமளித்தது.

தலைமுறைச் சாபம் பற்றிப் பேசுவோர் பெரிதும் எடுத்தாள்வது யாத்திராகமம் 20 ஆம் அதிகாரத்துக் கட்டளையாகும். விக்கிரக வழிபாட்டை விலக்கும் அக்கட்டளை, தந்தையரின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறைவரை விசாரிக்கப்படும் என எச்சரிக்கின்றது. இவ்விடத்து எபிரேய மூலத்திலுள்ள வினைச்சொல் சென்று காணல், கணக்கெடுத்தல், ஆராய்ந்து தண்டித்தல் ஆகிய பொருள்களைத் தழுவியது. தமிழிலுள்ள 'விசாரித்தல்' என்னும் சொல் அப்பொருள் விரிவை ஓரளவு காப்பாற்றியுள்ளது. 'சாபம்' என்னும் சொல் அக்கட்டளையில் இடம்பெறவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. மேலும், மூன்று நான்கு தலைமுறையினர் ஒரே மனையில் வாழ்ந்திருக்கக்கூடிய கூட்டுக் குடும்பச் சூழலை நோக்கியே இக்கட்டளை பேசுகின்றது. குடும்பத் தலைவன் தவறுமிடத்து அவன் கூரையின்கீழ் வாழும் அனைவரும் அதன் விளைவை அனுபவிப்பர். அடுத்த வாக்கியமோ இரக்கம் ஆயிரங்களை எட்டும் என்கின்றது. நான்குக்கும் ஆயிரத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை விட்டுவிட்டு அக்கட்டளையைப் படிப்பது பாதிக் கட்டளையைப் படிப்பதேயாகும்.

எனினும், பழைய இஸ்ரவேலில் விளைவும் குற்றமும் ஒன்றாகவே கருதப்பட்ட நிலை இருந்தது என்பதை மறைத்தலாகாது. சாமுவேலின் இரண்டாம் நூல் 21 ஆம் அதிகாரம் இதற்குத் தக்க சான்று. மூன்றாண்டுப் பஞ்சத்துக்கு, மாண்டுபோன சவுல் அரசன் கிபியோனியரைக் கொன்ற இரத்தப்பழியே காரணம் எனக் கூறப்படுகின்றது. பழி தீர்க்கும் பொருட்டுச் சவுலின் வழித்தோன்றல்கள் எழுவரைத் தாவீது கையளிக்கின்றான். அவர்கள் தூக்கிலிடப்படுகின்றனர். கதை இவ்விடத்தில் முடிந்திருப்பின் அது சாபக் கோட்பாட்டுக்கு நல்ல உதாரணமாக அமைந்திருக்கும். ஆனால், அவர்களுள் இருவரைப் பெற்ற ரிஸ்பாள் என்பாள் பாறைமீது இரட்டை விரித்து, அறுவடைத் தொடக்கம் முதல் மழை பெய்யும்வரை, பகலிற் பறவைகளும் இரவில் விலங்குகளும் அவ்வுடல்களை அணுகாதவாறு காவலிருக்கின்றாள். அவள் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவளது செயலைக் கேள்வியுற்ற அரசன் சவுலின் எலும்புகளையும் கொல்லப்பட்டோரின் எலும்புகளையும் சேகரிப்பிக்கின்றான். முன்னவை முறைப்படி அடக்கம் செய்யப்பட்டதன் பின்னரே தேசத்துக்கான விண்ணப்பத்தை இறைவன் ஏற்றார் என ஆசிரியர் எழுதுகின்றார். எழுவர் கொலையுண்டவுடனே அவ்வாறு எழுதவில்லை. கதையமைப்பின் இவ்வொழுங்கு தற்செயலானதன்று. பலி கேட்கும் கோட்பாட்டுக்கு எதிராக ஒரு தாயின் மௌனத்தை ஆசிரியர் நிறுத்திவைத்துள்ளார்.

கூட்டுப் பழியிலிருந்து தனிமனிதப் பொறுப்பை நோக்கி இஸ்ரவேலின் சிந்தனை படிப்படியாக வளர்ந்தது என்பது அறிஞர் பலர் கூறிவந்த விளக்கம். இதில் உண்மை உண்டு; முழுமை இல்லை. பிள்ளைகளுக்காகத் தந்தையரையோ தந்தையருக்காகப் பிள்ளைகளையோ கொல்லலாகாது என உபாகமம் 24 ஆம் அதிகாரம் விதிக்கின்றது. தன் தந்தையைக் கொன்றோரைத் தண்டித்த அமத்சியா அரசன் அவர்தம் பிள்ளைகளை இவ்விதிப்படி விட்டுவைத்தான் என இராசாக்கள் நூல் கூறும். இவ்விரு கருத்துக்களும் நெடுங்காலம் அருகருகே நின்று பொருதி வந்துள்ளன எனக் கொள்வதே பொருத்தம்.

இப்பொருதலின் உச்சநிலையை மனாசே அரசனின் வரலாற்றிற் காணலாம். யோசியா அரசன் பெருஞ் சீர்திருத்தம் செய்தபின்னரும், அவன் பாட்டனான மனாசேயின் பாவத்தினால் யூதா அழிவது தவிர்க்க முடியாததாயிற்று என்கின்றது இராசாக்கள் நூல். அந்நூலின் இறுதி வடிவம் நாடிழந்த காலத்தைச் சேர்ந்தது. ஏன் அழிந்தோம் என்பதே அதன் வினா. அடிமைவாழ்வு நீங்கியபின் எழுந்த நாளாகமமோ, அதே மனாசே பாபிலோனுக்கு விலங்கிட்டுக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே தன்னைத் தாழ்த்தி மன்றாடி, மீண்டும் அரசெய்தினான் என்கின்றது. எவ்வாறு மீண்டும் வாழ்வோம் என்பது அதன் வினா. வீழ்ந்த தலைமுறைக்கு மனாசே காரணமாகத் தேவைப்பட்டான். எழ முயன்ற தலைமுறைக்கு அவன் முன்மாதிரியாகத் தேவைப்பட்டான்.

இவ்விரு நிலைகளுக்கும் இடையே நிற்பவர் எசேக்கியேல். கி.மு. 597 இல் யோயாக்கீன் அரசனோடு பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டோருள் அவரும் ஒருவர். தந்தையர் புளித்த திராட்சையைத் தின்னப் பிள்ளைகளின் பற்கள் கூசின என்னும் கருத்துள்ள பழமொழி அக்காலத்தில் வழங்கிற்று. வருங்காலத்தில் அப்பழமொழி வழக்கொழியும் என்றார் எரேமியா. இன்றே ஒழிக என்கின்றார் எசேக்கியேல். அவரது 18 ஆம் அதிகாரம் வழக்குரைக்கும் முறையில் அமைந்தது. நீதியுள்ள தந்தை, கொடிய மகன், நீதியுள்ள பேரன் என மூவரை நிறுத்தி, ஒவ்வொருவரும் தத்தம் செயலுக்கே பொறுப்பாவர் எனத் தீர்ப்புரைக்கின்றார். கேட்டோர் இவ்விடுதலையை மகிழ்ந்து ஏற்கவில்லை. தந்தையின் அக்கிரமத்தை மகன் ஏன் சுமப்பதில்லை என அவர்களே எதிர்க்கேள்வி கேட்கின்றனர். சாபம் அவர்களுக்குச் சுமையாக மட்டுமன்றிப் புகலிடமாகவும் இருந்தது. முன்னோரே காரணம் எனில், நாம் செய்ய வேண்டியது எதுவுமில்லை. அப்புகலிடத்தை இடித்த தீர்க்கதரிசி வேறொரு வாயிலைத் திறந்தும் வைத்தார். அவ்வதிகாரத்தில் மீண்டும் மீண்டும் வரும் எபிரேய வினைச்சொல்லின் பொருள் திரும்புதல் என்பதாகும். 'மனந்திரும்புதல்' என்னும் தமிழ்த் தொடரில் அவ்வுருவகம் அப்படியே நிலைத்துள்ளது. வழி தவறியவன் திரும்பலாம். வழியே இல்லாதவனுக்குத் திரும்புதல் என்பது இல்லை.

அவ்வாறாயின் தனிமனிதனின் பாவம் அவனோடு முடிந்துவிடுகின்றதா? தாவீதின் வரலாறு இவ்வினாவுக்கு எளிதான விடை தருவதாயில்லை. உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவைப் போர்முனையிற் கொல்வித்த அரசனிடம், வாள் அவன் வீட்டைவிட்டு நீங்காது என நாத்தான் தீர்க்கதரிசி உரைக்கின்றார். தாவீது குற்றத்தை ஒப்புக்கொள்கின்றான்; மன்னிப்புப் பெறுகின்றான்; குழந்தையோ இறக்கின்றது. இன்றைய வாசகனை உறுத்தும் இடம் இது. ஆயினும் குழந்தைமீது குற்றம் எதனையும் ஆசிரியர் ஏற்றவில்லை. இதன்பின் நிகழ்வனவற்றை மந்திரச் சாபத்தின் வேலையாக அன்றி மனித உறவுகளின் வழியாகவே அவர் காட்டுகின்றார். மூத்த மகன் அம்னோன் தங்கை முறையான தாமாரைக் கெடுக்கின்றான். அரசன் கடுங்கோபங் கொள்கின்றான். ஆனால் ஒன்றும் செய்வதில்லை. தன் கை கறைபட்டவனுக்குத் தண்டிக்கும் தகுதி எங்ஙனம் வரும்? தந்தை செய்யாத நீதியை அப்சலோம் கொலையினாற் செய்கின்றான். பின்னர்த் தந்தைக்கெதிராகவே எழுகின்றான். பாவம் குருதி வழியாக அன்றி, தந்தையின் வாயடைத்துப்போன நிலைமை வழியாகவே மைந்தரைச் சென்றடைகின்றது. தலைமுறை பற்றிய விவிலியச் சிந்தனையுள் இதனினும் கூரிய உளவியல் நோக்கு வேறில்லை எனலாம்.

புதிய ஏற்பாட்டில் யோவான் நற்செய்தி 9 ஆம் அதிகாரம் பழைய வினாவை மறுபடியும் எழுப்புகின்றது. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், இவன் பாவமா பெற்றோர் பாவமா எனக் கேட்கின்றனர். இரண்டுமன்று என்கின்றார் இயேசு. இப்பகுதியைப் போதிப்போர் பலர் இவ்விடையோடு நின்றுவிடுகின்றனர். அதிகாரத்தின் இறுதிப் பகுதியே இங்கு நமக்கு முக்கியமானது. பார்வை பெற்றவன் பரிசேயரோடு வாதிடுகின்றான். வாதத்தில் விடையற்ற அவர்கள், முழுவதும் பாவத்திற் பிறந்தவன் எங்களுக்குப் போதிப்பதா எனக் கூறி அவனை வெளியே தள்ளுகின்றனர். சீடர் வாயில் ஐயமாகத் தோன்றிய கோட்பாடு அதிகாரமுடையோர் கையில் ஆயுதமாக மாறிவிடுகின்றது.

அவ்வாயுதத்தை வரலாறு நன்கு அறியும். ஆதியாகமத்தில் நோவா சபித்தது காமின் மகனாகிய கானானை. ஆனால், 'காமின் சாபம்' எனப் பெயரிட்டு, ஆபிரிக்க மக்களை அடிமை கொள்வதற்கு நியாயமாக 19 ஆம் நூற்றாண்டின் அமெரிக்க அடிமையுடைமையாளர் அதனைக் காட்டினர். இயேசுவின் இரத்தப்பழி எங்கள்மீதும் எங்கள் பிள்ளைகள்மீதும் இருக்கட்டும் என்று மத்தேயு நற்செய்தியிற் கூட்டமொன்று கூவியதை, யூதர் அனைவர் மீதுமான நிரந்தரச் சாபமாகக் கிறிஸ்தவ ஐரோப்பா நூற்றாண்டுக் கணக்கிற் பொருள்கொண்டது. இயேசுவின் மரணத்தை அன்றைய யூதர் அனைவர் மீதோ இன்றைய யூதர் மீதோ சுமத்தலாகாது என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 ஆம் ஆண்டிலேயே பிரகடனம் செய்தது. எசேக்கியேல் கூறியதைத் திருச்சபை கேட்பதற்கு இத்துணைக் காலம் சென்றது.

இனி ஆன்மிக மீட்சி யாது? முன்னோரை முற்றாக மறந்துவிடுவதன்று. நெகேமியா நூலில் மக்கள் கூடிநின்று தம் பாவங்களோடு தந்தையரின் அக்கிரமங்களையும் அறிக்கையிடுகின்றனர். எசேக்கியேலுக்கு இது முரண்போலத் தோன்றும்; உண்மையில் அவரது தொடர்ச்சியே. பாபிலோனியப் பழமொழியாளர் முன்னோரைச் சொல்லித் தம்மை விடுவித்தனர். இவர்களோ முன்னோரைச் சொல்லித் தாம் பொறுப்பேற்கின்றனர். முன்னோர் விட்டுச்சென்ற நன்மையை நுகர்வோர், அவர்கள் இழைத்த தீமையைச் சீர்செய்யும் கடனையும் ஏற்றல் வேண்டும். அது சாபமன்று, கடமை.

இக்கடமையின் செயல்வடிவத்தை லூக்கா நற்செய்தியின் சகேயு காட்டுகின்றான். நாத்தான் கூறிய உவமையைக் கேட்ட தாவீது, ஏழையின் ஆட்டுக்குட்டியைக் கவர்ந்தவன் நாலத்தனையாகத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தான். தீர்ப்புத் தன்மீதே விழுந்தபோது உரியாவுக்குத் திருப்பிக் கொடுக்க அவனிடம் எதுவும் இருக்கவில்லை. எரிகோவின் வரிதண்டுவோனாகிய சகேயு, எவரும் தீர்ப்பளிக்காமலே, அநியாயமாய்ப் பெற்றதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகக் கூறுகின்றான். உடைமையிற் பாதியை ஏழைகளுக்கு அளிக்கின்றான். அவ்வேளையில் மீட்பு அவன்மீது மட்டுமன்றி அவன் வீட்டுக்கே வந்ததாக இயேசு உரைக்கின்றார். வாள் நீங்காத வீடு ஒன்று. மீட்பு நுழைந்த வீடு மற்றொன்று. இரண்டிலும் ஒருவனுடைய செயலே வீட்டைச் சென்றடைகின்றது. தலைமுறைச் சாபத்தை முறிக்கும் மந்திரத்தைத் தேடுவோர், சகேயு திருப்பிக் கொடுத்த கணக்கை முதலிற் படித்தல் நலம்.