ஒரு துளியில் முடியும் சண்டை

சின்ன பட்ஜெட் குங்ஃபூ படங்களின் கிளைமாக்ஸ் என்றால் எனக்கு உயிர். செட் போடப் பணம் இல்லாத இயக்குநரிடம் கடைசியில் மிஞ்சுவது இரண்டு உடம்புகள்தான். 1972இல் புரூஸ் லீ தானே எழுதி இயக்கிய ‘வே ஆஃப் தி டிராகன்’ படத்தில், ரோம் நகரத்துக் கொலோசியத்தில் சக் நாரிஸோடு மோதுவாரே, அந்தச் சண்டை எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. அதிலும் அடிகளை விட எனக்குப் பிடித்தது, விழுந்து கிடக்கும் எதிராளியின் மேல் அவனுடைய சட்டையையும் பெல்ட்டையும் லீ மரியாதையோடு வைக்கும் இடம்.

அதற்கு ஈடான ஒரு முடிவு மைசூரில் இருக்கிறது. விஜயதசமியன்று, ஜம்பு சவாரி என்ற யானை ஊர்வலத்துக்கு முன், அரண்மனைக்குள் நடக்கும் வஜ்ரமுஷ்டி காளகா. காளகா என்றால் கன்னடத்தில் போர். மைசூரு, பெங்களூரு, சென்னபட்டணா, சாமராஜநகர் பக்கத்து ஜெட்டிகள், தலைமுறை தலைமுறையாக மல்யுத்தம் பழகியவர்கள், ஜோடி ஜோடியாக இறங்குவார்கள்.

மழித்த தலை, உச்சியில் சின்னக் குடுமி. வலது கை விரல்களில் கோத்துப் பிடித்த வஜ்ரமுஷ்டி. கூர்முனைகள் கொண்ட அந்தக் கருவியை ஒரு காலத்தில் தந்தத்திலும் கொம்பிலும் செய்தார்கள். இடது கை எதிராளியின் மணிக்கட்டைத் தேடும். வலது கை நேரம் பார்த்து நிற்கும். குறி தலைதான். மழித்த தலையில் ரத்தம் ஒளிய இடமில்லை. முதல் துளி கண்ணில் பட்டதும் விலக்கிவிடுவார்கள். பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட ஆகாது.

‘இவ்வளவுதானா?’ என்று முதல் தடவை பார்ப்பவர் கேட்பார். அந்த ‘இவ்வளவு’தான் அருமை. மண்டையைப் பிளக்கக்கூடிய கருவியை வைத்துக்கொண்டு தோலை மட்டும் கீற வேண்டும். வேகம் குறையவும் கூடாது, கை மீறவும் கூடாது. விஜயநகரத்து மல்லர்கள் பல் உடைந்து, கண் போய், பேச்சற்றுத் தூக்கிச் செல்லப்பட்டதை 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரான டொமிங்கோ பயஸ் எழுதிவைத்திருக்கிறார். அந்த மூர்க்கத்தை நினைத்துக்கொண்டு பார்த்தால், இந்த ஒரு துளியில் நிறுத்தும் கட்டுப்பாடு எத்தனை பெரிய வித்தை என்று தெரியும். இருபது நிமிடம் இழுக்கிற எந்த கிளைமாக்ஸும் எனக்கு இதன் பக்கத்தில் நிற்காது.

துளி விழுந்த பிறகுதான் மைசூர் அரச வம்சமான உடையார் குடும்பத்து வாரிசு வன்னி மரப் பூசைக்குப் புறப்படுகிறார்.