ஞானப்பல் அறுவை ஆய்வுகள்: ஏழாம் நாளுக்குப் பிறகு?

சித்தப்பா மகன் சங்கு குளிக்கப் போறவன். கீழ்த்தாடையில் புதைந்து கிடந்த ஞானப்பல்லைப் போன மாசம் அறுவை செய்து எடுத்தார்கள். நான் ஆய்வுக்கட்டுரை படிக்கிற ஆள் என்பதால் என்னிடம் வந்து கேட்டான்: "எப்பண்ணே திரும்ப டியூபைக் கடிக்கலாம்?"

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனது. சங்குகுளிப்பு நிற்கவில்லை. படகில் கம்ப்ரசரை ஓடவிட்டு, காற்று வரும் டியூபைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் இப்போது பலர் இறங்குகிறார்கள். தாடை விட்டால் மூச்சு போச்சு. அவன் கேள்விக்குப் பதில் தேடி, கீறல் முறைகளை ஒப்பிடும் கட்டுரைகளை ஒரு வாரம் படித்தேன்.

ஈறைக் கீறி மடல்போல விலக்கினால்தான் உள்ளே கிடக்கும் பல் கண்ணுக்குத் தெரியும். பற்களின் கழுத்தை ஒட்டியே கீறினால் உறை மடல். அதோடு கன்னப் பக்கம் கீழ்நோக்கி இன்னொரு கீறல் சேர்ந்தால் முக்கோண மடல்; வார்டு கீறல் இந்த வகை. நாகேஷ்வர் 2002இல் எழுதிய கமா கீறல் வேறு மாதிரி. கன்னத்தின் உள்மடிப்பில் தொடங்கி, வளைந்து ஏறி, இரண்டாம் கடைவாய்ப்பல்லின் பின்னால் முடியும். தாடையை மூடும் தசையின் நாண் பக்கம் கத்தி போகாது, எலும்பின் மேல் சவ்வையும் அதிகம் உரிக்க வேண்டாம், ஆகவே வலியும் வீக்கமும் குறையும் என்பது வாதம்.

வார்டோடு ஒப்பிட்ட இந்திய ஆய்வுகள் பலவும் கமாவுக்கே சாதகமாகப் பேசுகின்றன. மடல் வகைகளைப் பொதுவாக ஒப்பிட்ட 2020 காக்ரேன் தொகுப்பாய்வோ, முக்கோண மடலில் டிரை சாக்கெட் குறையலாம், ஒரு வாரத்தில் வீக்கம் கொஞ்சம் கூடலாம் என்கிறது. சான்றின் உறுதி குறைவு என்றும் சேர்த்தே சொல்கிறது.

என் குறை கத்தி மேல் இல்லை, அளவுகோல் மேல்தான். வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண். வாய் திறப்புக்கு மில்லிமீட்டர். வீக்கத்துக்குக் காதிலிருந்து வாயோரம் வரை நாடா. பெரும்பாலும் 1, 3, 7ஆம் நாள்களில் அளக்கிறார்கள். இரண்டு கீறலை ஒப்பிட இது நியாயமான முறைதான். ஆனால் வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்க்கிறார்களே தவிர, எவ்வளவு நேரம் இறுக்கிக் கடிக்க முடிகிறது என்று பார்ப்பதில்லை. எந்தக் கீறல் என்று அறுக்கிறவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. அளக்கிறவராவது வேறு ஆளா என்று பல கட்டுரைகளில் தெளிவாக இல்லை. புகைபிடிப்பவர்களையும் சர்க்கரை உள்ளவர்களையும் ஆரம்பத்திலேயே விலக்கிவிடுவது வழக்கம்.

இதில் ஆபத்தானது அந்த ஏழாம் நாள். ஆய்வுக்கு அது முடிவு நாள். தம்பியின் சீட்டிலும் "7ஆம் நாள் தையல் பிரிக்க" என்றுதான் இருந்தது. அதோடு எல்லாம் சரியாயிரும் என்று அவன் எடுத்துக்கொண்டான். உண்மையில் குழியின் மேல் ஈறு மூடவே மூன்று நாலு வாரம் ஆகும். உள்ளே எலும்பு நிரம்ப மாதக்கணக்கு. ஆரம்ப நாள்களில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது, ரத்தக்கட்டி பெயர்ந்துவிடும் என்கிறார்கள். டியூபைக் கடித்து மூச்சை இழுப்பவனுக்கு அந்த எச்சரிக்கை எத்தனை நாள் பொருந்தும்? நான் படித்தவற்றில் பதில் இல்லை. "ஈறு மூடினதை டாக்டர் பார்த்துச் சொல்ற வரைக்கும் இறங்காதே" என்று மட்டும் சொன்னேன். "அதுவரைக்கும் வீட்டுக்கு யாருண்ணே குடுப்பா?" என்றான்.

எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணையக் களஞ்சியத்தில் முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகள் கிடைக்கின்றன. அடுத்து இதே தலைப்பை எடுக்கிறவர்கள் அட்டவணையில் இரண்டு கட்டம் கூட்டினால் போதும்: நோயாளிக்கு என்ன வேலை, எத்தனையாவது நாள் அந்த வேலைக்குத் திரும்பினார். 30ஆம் நாள் ஒரு போன் செய்தால் தெரிந்துவிடும். கமாவா வார்டா என்பதற்கும் அப்போதுதான் சங்கு குளிக்கிறவனுக்குப் புரிகிற ஒரு விடை வரும்.